கயிறு தளரும் நொடி
குதிரையும் வளரும் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளின் மனப்பக்குவத்துக்குக் குதிரைப் பயிற்சி உதவுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, குதிரைப் பயிற்சியாளர் ஒருவரும் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. தொட்டதற்கெல்லாம் கோபம், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறான். வாரம் ஒரு நாள் குதிரை லாயத்தில் விட்டால் குணம் மாறிவிடும் என்று உறவினர் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: லாயத்தில் விட்டுவிட்டு வந்தால் மாறாது. அங்கே என்ன செய்ய வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறலாம்.

வீட்டில் அவன் கத்தினால் அதன் விளைவு அவனுக்கு உடனே தெரிவதில்லை. நீங்கள் பொறுத்துப்போவீர்கள், அப்பா மாலையில் வந்து திட்டுவார், இரண்டு நாளில் எல்லாம் மறந்துபோகும். லாயத்தில் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால், அடுத்த கணமே குதிரை தலையைத் தூக்கும், கழுத்தை விறைக்கும், முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். 400 கிலோ எடையோடு அவனால் இழுபறி நடத்த முடியாது. பிடியைத் தளர்த்தி மெதுவாகக் கேட்டால், அதே குதிரை ஓர் அடி எடுத்து வைக்கும். திட்டும் இல்லை, புத்திமதியும் இல்லை. தான் செய்ததையும் அதனால் விளைந்ததையும் அவன் ஒரே இடத்தில் பார்க்கிறான். குதிரையால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சாதுவான கிழட்டுக் குதிரை ஒன்றை அவன் தரதரவென்று இழுத்துப் போக, சுற்றி நிற்பவர்கள் "சபாஷ், அடக்கிட்டியே!" என்று கைதட்டினால், பலத்தைக் காட்டினால் காரியம் நடக்கும் என்ற பாடம்தான் அவனுக்குள் உறுதிப்படும். "யார் முதலாளின்னு அதுக்குக் காட்டு" என்று பேசும் பயிற்சியாளர் உங்கள் மகனுக்கு வேண்டவே வேண்டாம்.

கோபக்காரப் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்லிவைக்க வேண்டும். எரிச்சல் ஏறுகிறது என்று தெரிந்தால் கயிற்றைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு மூன்று நான்கு அடி தள்ளி நின்று, நீளமாக நான்கைந்து முறை மூச்சை விட்டு, பிறகு தானே வந்து கயிற்றைக் கேட்டு வாங்க வேண்டும். இப்படிக் கொடுப்பதைத் தோல்வியாகப் பேசக்கூடாது. எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்று அவனே கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. தொடக்கத்தில் கயிற்றை இழுத்த பிறகுதான் கொடுப்பான். சில வாரங்களில் இழுப்பதற்கு முன்னாலேயே கொடுக்கிறானா என்று பாருங்கள்.

குதிரை எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்று சிலர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். பிரிட்டன் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் கோப முகத்தைப் படத்தில் பார்த்த குதிரைகள், சில மணி நேரம் கழித்து அவரே இயல்பான முகத்தோடு நேரில் வந்து நின்றபோதும் அவரிடம் எச்சரிக்கையாகவே இருந்தன. கோபப்பட்ட நாளுக்கு மறு வகுப்பில் குதிரை சற்று ஒதுங்கினால் மகனிடம் மறைக்காதீர்கள். நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க எவ்வளவு நேரமாகிறது என்று அவனே பார்க்கட்டும்.

நாய், பூனையை வேண்டுமென்றே துன்புறுத்தும் பழக்கம் அவனுக்கு இருந்தால் குதிரைப் பக்கம் போக வேண்டாம். முதலில் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள சவாரிப் பள்ளி இரண்டு குதிரைகளைத் தர முன்வந்திருக்கிறது. 7 முதல் 9-ஆம் வகுப்பு வரை 12 மாணவர்கள். முதல் வகுப்பை எப்படி அமைப்பது?
– உடற்கல்வி ஆசிரியர், திருச்சி

பதில்: பன்னிரண்டு பேரையும் ஒன்றாக உள்ளே விடாதீர்கள். ஆறு பேராக இரண்டு அணி பிரித்து, தனித்தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைக்கு மூன்று பிள்ளைகள், ஒரு பயிற்சியாளர். இவர்களைத் தவிர, பிள்ளைகளின் முகத்தை மட்டும் கவனிக்க ஒரு பெரியவர் வேண்டும். குதிரையின் காதையும் பிள்ளையின் கண்ணையும் ஒருவரே கவனிப்பது நடக்காத காரியம். குதிரையின் துணையோடு மனநல ஆலோசனை நடத்தும் முறையை வகுத்த, 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா அமைப்பின் முறையிலும் ஒவ்வொரு அமர்வுக்கும் மனநல நிபுணர் ஒருவரும் குதிரை அறிந்தவர் ஒருவரும் சேர்ந்தே இருப்பார்கள். அதில் சவாரியே கிடையாது. உங்களுக்கும் முதல் நாலைந்து வாரம் சவாரி தேவையில்லை. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

நேரம் காலை ஆறரை முதல் எட்டு மணி வரை. திருச்சி வெயிலில் ஒன்பதுக்கு மேல் குதிரையும் எரிச்சலாகிவிடும், பிள்ளைகளும் எரிச்சலாகிவிடுவார்கள்.

முதல் கால் மணி நேரம் வேலிக்கு வெளியே. ஆளுக்கொரு நோட்டு. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் "பார்த்தது", வலப்பக்கம் "நினைத்தது" என்று தலைப்பிடச் சொல்லுங்கள். "காதைப் பின்னால் மடித்திருக்கிறது" என்பது பார்த்தது. "கோபமாக இருக்கிறது" என்பது நினைத்தது. சுலபமாகத் தெரியும், ஆனால் பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள். குதிரை வாலை வீசிக்கொண்டே இருக்கும். "எரிச்சல்" என்று மூன்று பேர் எழுதுவார்கள். வயிற்றுக்கடியில் உட்கார்ந்திருக்கும் ஈயை நான்காவது பிள்ளை பார்த்திருக்கும். அந்த ஈயைப் பற்றிப் பேசுவதற்கே பத்து நிமிடம் ஒதுக்கலாம். "அவள் என்னைப் பார்த்து முறைத்தாள்" என்று வகுப்பில் சண்டை வருவதும் இதே வழியில்தான்.

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதையும் இங்கேயே காட்டுங்கள். காது பக்கவாட்டில் தொங்கி, கீழுதடு தளர்ந்து, பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நுனிக்குளம்பில் ஊன்றியிருந்தால் குதிரை ஓய்வெடுக்கிறது. காது பிடரியோடு ஒட்டிப் படிந்து, மூக்கு சுருங்கி, அதே பின்னங்கால் தூக்கியிருந்தால் உதைக்கப் போகிறது.

அடுத்த 25 நிமிடம் உடம்பு தேய்த்தல். ரப்பர் பிரஷ்ஷால் கழுத்திலிருந்து தொடங்கி வட்டவட்டமாக, சதைப்பிடிப்பான இடங்களில் மட்டும். முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் ரப்பர் பிரஷ் ஆகாது. பிறகு கடினமான பிரஷ், கடைசியாக மென்மையான பிரஷ். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் தேய்க்கும்போது பல குதிரைகள் மேலுதட்டை நீட்டி நீட்டிச் சொக்கும். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்வதும் அங்கேதான். அந்த இடத்தைத் தேய்த்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. வயிற்றுப் பக்கம் போனால் பல குதிரைகளுக்குக் கூச்சம். "உன் குதிரைக்கு எங்கே பிடிக்கிறது, எங்கே பிடிக்கவில்லை? எதைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். குளம்பு சுத்தம் செய்வதை முதல் நாள் பயிற்சியாளர் செய்து காட்டினால் போதும்.

பிறகு அரை மணி நேரம் நடத்திச் செல்லுதல். மூன்று மீட்டர் நீளக் கழிகள் இரண்டை 1.2 மீட்டர் இடைவெளியில் தரையில் போட்டு ஒரு சந்து அமையுங்கள். சந்துக்குள் நுழைந்து, நடுவில் நின்று, மூன்று எண்ணி, வெளியேற வேண்டும். கயிறு 3 முதல் 3.5 மீட்டர். பிள்ளை குதிரையின் இடப்பக்கம், தோளுக்கு நேராக, ஒரு கை தள்ளி நிற்க வேண்டும். வலது கையில் ஹால்ட்டருக்கு (குதிரையின் தலையில் மாட்டும் பட்டை) ஓர் அடி கீழே கயிறு. மீதிக் கயிறு இடது கையில் எட்டு வடிவில் மடித்தபடி. கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்று இறுகி விரலே போய்விடும்.

புறப்படும்போது பார்வை சந்தின் மறுமுனையில் இருக்க வேண்டும். குதிரை நகராவிட்டால் திரும்பி அதன் முகத்தைப் பார்க்கக்கூடாது. கயிற்றில் லேசான, சீரான அழுத்தம் மட்டும். குதிரை முன்பக்கம் எடையைச் சாய்த்தாலே போதும், அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். குதிரைக்கு இழுப்பு கேள்வி, தளர்வுதான் பதில். இரண்டு மூன்று நொடி தாமதித்துத் தளர்த்தினால், எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. தளர்த்தாமலே இருந்தால் அந்த அழுத்தத்துக்கு மரத்துப்போகும். நிறுத்த வேண்டுமானால் முதலில் தன் கால் நிற்க வேண்டும், மூச்சை விட வேண்டும், அதற்குப் பிறகுதான் கயிறு.

கடைசி இருபது நிமிடத்தை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். நேரம் போதவில்லை என்று பலரும் விடுவது இதைத்தான், இதை விட்டால் நடந்தது வெறும் குதிரை வகுப்பு. மூன்றே கேள்விகள்: குதிரை என்ன செய்தது? அதற்குச் சற்று முன் நீ என்ன செய்தாய்? அடுத்த முறை எதை மாற்றிப் பார்ப்பாய்? "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர் சார்" என்ற பதில்தான் வரும்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. அவள் நடத்தினால் மட்டும் குதிரை அசைவதில்லை. "உன் பயம் அதுக்குத் தெரியுது" என்று பயிற்சியாளர் சொன்னதிலிருந்து போக மாட்டேன் என்கிறாள். குதிரைக்கு உண்மையிலேயே பயம் தெரியுமா?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: தெரியும். ஆனால் ஒரு பிள்ளையிடம் அதை அப்படிச் சொல்லக்கூடாது.

ஸ்வீடனில் 2009-இல் நடந்த ஆய்வு ஒன்றில், குதிரையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பலமுறை நடத்திச் செல்லச் சொன்னார்கள். நான்காவது முறை போகும்போது பக்கத்தில் குடை ஒன்றைப் படாரென்று விரிப்போம் என்று கூட்டிச் செல்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் அந்த முறை மனிதரின் இதயத் துடிப்பும் கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது. பயந்தவரின் வியர்வை வாடையைக் குதிரைகள் வேறுபடுத்தி அறிகின்றன என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு.

இருந்தாலும் உங்கள் மகளின் குதிரை நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கையிலும் காலிலும்தான் இருக்கும். பயந்த பிள்ளை குதிரை வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும். அப்போது உடம்பு குதிரையை நோக்கித் திரும்பிவிடும். "நில்" என்று சொல்லும் நிலை அது. கூடவே பாதுகாப்புக்காக ஹால்ட்டரை ஒட்டியே கயிற்றைப் பிடிக்கும். கை நடுங்கும்போதெல்லாம் குதிரையின் மூக்கில் அழுத்தம் ஏறி இறங்கும். சிலர் குதிரையின் முகத்துக்கு நேரே போய் நிற்பார்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். தெரியாத சின்ன இடம் வாலுக்குப் பின்னால் ஒன்று, நெற்றிக்கு நேர் முன்னால் ஒன்று. அந்த இடத்தில் ஆள் நின்றால் அது தயங்குவது இயல்பு.

"பயப்படாதே" என்பது அவளால் செய்யக்கூடிய காரியம் அல்ல. "பயமாக இருந்தால் இருக்கட்டும். அந்த மரத்தைப் பார், கயிற்றை ஓரடி தள்ளிப் பிடி, மூச்சை விட்டுவிட்டு நட" என்பது செய்யக்கூடியது. முதலில் குதிரையில்லாமல், பெரியவர் ஒருவர் கயிற்றின் மறுமுனையைக் கண்ணை மூடிப் பிடித்துக்கொள்ள, அவள் நடத்திப் பார்க்கட்டும். கை எப்போது இறுகுகிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குதிரை வாய் திறந்து சொல்லாததை இப்படித் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: கொடைக்கானல் போகும்போதெல்லாம் ஏரியைச் சுற்றிக் குதிரையில் ஏற்றிவிடுகிறோம். அதில் தைரியம் வராதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சந்தோஷம் வரும், படம் எடுக்கலாம். குதிரைக்காரர் பிடித்துக்கொண்டு நடக்க, பிள்ளை மேலே உட்கார்ந்திருப்பதில் அது எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுமில்லை. ஏற்றுவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிட்டால் கொஞ்சம் பயன் உண்டு. சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, நடை நொண்டுகிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். புண்ணோ நொண்டலோ இருந்தால் ஏறாமல் திரும்புங்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோதான் உச்சம். அப்பா கீழே நடந்தே வரட்டும்.

கேள்வி: ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
– ஒரு பெற்றோர், கோவை

பதில்: சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். குதிரைகள் ஆள் வருவதைப் பார்த்துத் தலையை நீட்டுகின்றனவா, மூலைக்குப் போகின்றனவா? வாளியில் தண்ணீர் இருக்கிறதா? நம் ஊர் வெக்கையில் ஒரு குதிரை நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும். ஒரே குதிரை அடுத்தடுத்து எத்தனை வகுப்புக்கு வருகிறது என்று எண்ணுங்கள். களைத்த குதிரை எதற்கும் பதில் சொல்லாது. தன் கேள்வி சரியா தவறா என்று பிள்ளைக்கும் தெரியாமல் போகும்.

ஹெல்மெட் குதிரைச் சவாரிக்கென்று செய்ததா என்று உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, பி.ஏ.எஸ். 015 போன்ற தரக்குறியீடு இருக்க வேண்டும். சைக்கிள், கிரிக்கெட் ஹெல்மெட்டுகள் இதற்கு ஆகா. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். தரையில் நின்று பழகும்போதும் ஹெல்மெட் அவசியம், உதை அங்கேதான் விழும். கால்விரல் மூடிய ஷூ வேண்டும், செருப்பு கூடாது. சவாரிக்கு ஷூவின் குதிகால் ஓர் அங்குலமாவது இருந்தால்தான் கால் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) நழுவிப் போய் மாட்டிக்கொள்ளாது. துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

குதிரைச் சாணம் கலந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ் – டிப்தீரியா) ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் அபூர்வம்தான், வந்தால் கடுமை. ரத்தப் பரிசோதனையில் அது இல்லை என்று வந்த சான்றைக் கேளுங்கள். முறையாக நடத்துபவர் முகம் சுளிக்க மாட்டார். படர்தாமரை பிரஷ் வழியாகவும் பரவும். குதிரைக்குக் குதிரை பிரஷ் தனியாக இருக்க வேண்டும்.

வெல்லம், கேரட்டைக் கையால் ஊட்டச் சொல்லும் இடமா? அன்பாகத்தான் தெரியும். நாலு வாரத்தில் குதிரை எல்லாருடைய பையையும் கடித்துத் தேடும், அதற்காக அடியும் வாங்கும். கொடுப்பதை வாளியில் போடுவதே நல்லது.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் பையனுக்கு இது சிகிச்சையாகுமா?
– ஒரு தாய், சேலம்

பதில்: இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் உண்டு. குதிரையின் நடை அசைவைக் கொண்டு இடுப்பு, முதுகுத் தசைகளுக்கு வேலை கொடுப்பது ஹிப்போதெரபி. அதைப் பிசியோதெரபி அல்லது ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்தான் செய்ய வேண்டும். மனநல நிபுணர் குதிரையைத் துணையாக வைத்து நடத்தும் ஆலோசனை இரண்டாவது. மேலே நாம் பேசிய கற்றல் வகுப்பு மூன்றாவது, அது சிகிச்சையே அல்ல. உங்களுக்கு முன்வைக்கப்படுவது எது என்று கேட்டு, நடத்துபவரின் படிப்பைப் பாருங்கள். "குணமாக்குவோம்" என்று சொல்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். அடங்காத வலிப்பு உள்ளவர்களும் கழுத்தெலும்பு தளர்வாக இருக்க வாய்ப்புள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளும் மருத்துவர் அனுமதியில்லாமல் ஏறக்கூடாது. பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் எந்த வகுப்புக்கும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

கேள்வி: மாற்றம் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வு ஏதும் உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா பெண்ட்ரி, 5 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான சுமார் 130 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரம் 90 நிமிடம் என ஏறத்தாழ மூன்று மாதம் குதிரையோடு பயிற்சி கொடுத்தார். 2014-இல் வெளியான முடிவின்படி, அவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு, பயிற்சிக்குத் தங்கள் முறை வரக் காத்திருந்த மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தது. நல்ல ஆய்வுதான், ஆனாலும் அதை ஒழுக்கம் வளர்ந்ததற்கான சான்றாக நீட்டக்கூடாது. இந்தத் துறையின் பல ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை சிறியது, ஒப்பிட வேறு குழுவே இருக்காது.

குதிரை நாக்கைச் சப்புக் கொட்டினால் "பிள்ளையை ஏற்றுக்கொண்டுவிட்டது" என்று சொல்லும் வழக்கமும் அப்படித்தான். பதற்றத்திலிருந்து தளர்வுக்கு வரும்போது குதிரை அப்படிச் செய்யும். பதற்றம் ஏன் வந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு ஓர் எளிய வழி உண்டு. வகுப்பு தொடங்கும் முன்பே ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். "தம்பியோடு சண்டை வந்தால் கை ஓங்குவது" என்பதுபோல எண்ணக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு வாரம் நாட்காட்டியில் குறியுங்கள். எட்டாவது, பத்தாவது வாரத்தில் மறுபடி குறியுங்கள். லாயத்தில் மட்டும் பொறுமை, வீட்டில் பழைய கதை என்றால், வகுப்பு முடிவில் கேட்கும் மூன்று கேள்விகளையும் வீட்டுச் சண்டைக்குப் பிறகும் கேளுங்கள். தானாக ஒட்டிக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் குதிரை இல்லை. ஆடு மாடுதான்.
– ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: மாடு போதும். ஆட்டைப் பிள்ளையால் இழுத்துப் போய்விட முடியும் என்பதால் அது உதவாது. இரண்டு மாதக் கன்றுக்கும் அதே குறை. ஆறேழு மாதக் கிடேரிக் கன்று, நூறு கிலோவுக்கு மேல் இருப்பது, ஆள் பழக்கம் உள்ளது சரியாக வரும். மூக்கணாங்கயிறு வேண்டாம், முகத்தைச் சுற்றிய தளர்வான கயிறு போதும். அழுத்தமும் தளர்வும் குதிரைக்குச் சொன்னதேதான், கால் மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். மாட்டுக்குப் பக்கவாட்டிலும் உதைக்க வரும் என்பதால் பின்காலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். தீவனம் வைக்கும் நேரத்திலும் தாய்ப்பசு கண்ணெதிரே நிற்கும்போதும் தொடங்கினால் கன்று யார் சொன்னாலும் கேட்காது, பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.